இணைப்பு மாறினால் பழைய ரவுட்டரை என்ன செய்வது?

சப்ரகமுவத் தோட்டப்புறத்தில் ஒரு வீட்டுக்கு வந்த இணைய இணைப்பு கடைசி வரை ஒரே வகையாக இருப்பதில்லை. தோட்ட அலுவலகத்துக்கும் பங்களாவுக்கும் செம்புக் கம்பி வழியே ஏ.டி.எஸ்.எல் வந்தது. தொழிலாளர் லயங்களுக்குப் பெரும்பாலும் கம்பி வரவில்லை. சிம் போட்ட 4ஜி பெட்டி வந்தது. 2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடி, பாடமெல்லாம் போனில் நடந்தபோது அந்தப் பெட்டிகளின் எண்ணிக்கை கூடியது. இப்போது பிரதான வீதியை ஒட்டிய வீடுகளுக்கு ஃபைபர் வருகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பெட்டி மிச்சமாகிறது. அது அலமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கிறது, இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் போகிறது. அதற்கு முன் அந்தப் பெட்டியிடம் இன்னும் என்ன வேலை வாங்கலாம் என்று பார்த்துவிடுவோம்.

ரவுட்டர் என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. வெளியிலிருந்து வரும் இணைப்பைப் பிடிப்பது ஒன்று. அது டெலிபோன் கம்பியாகவும் இருக்கலாம், 4ஜி அலையாகவும் இருக்கலாம், கண்ணாடி இழையாகவும் இருக்கலாம். பிடித்ததை வைஃபையாகவும் வயராகவும் வீட்டுக்குள் பங்கிட்டுக் கொடுப்பது மற்றது. இணைப்பு வகை மாறும்போது முதல் வேலை செய்யும் பாகம்தான் பயனற்றுப் போகிறது. பங்கிடும் பாகம் அப்படியே நல்லபடியாக இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

பலாங்கொடையிலோ எட்டியாந்தோட்டையிலோ கணினிக் கடையில் சற்று நேரம் நின்றால் இந்த உரையாடல் காதில் விழும்:

"அண்ணே, வீட்டுக்கு ஃபைபர் வரப்போகுது. இந்தப் பெட்டியையே போட்டுக்கலாமா?"

"பின்பக்கத்தைத் திருப்புங்க தம்பி, ஓட்டையைப் பார்ப்போம்."

கடைக்காரர் பார்ப்பது இதைத்தான். டெலிபோன் வயர் நுழையும் சின்ன ஓட்டை, பக்கத்தில் 'டி.எஸ்.எல்' என்று எழுதியிருந்தால் அது ஏ.டி.எஸ்.எல் பெட்டி. சிம் போடும் இடுக்கு இருந்தால் 4ஜி பெட்டி. பச்சை முனை கொண்ட மெல்லிய வயர் போகும் வாய் இருந்தால் அது ஃபைபர் பெட்டி, டெக்னீஷியன்கள் ஓ.என்.டி என்பார்கள். இவை மூன்றும் இல்லாமல், சற்றுப் பெரிய சதுர ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்து, அதில் ஒன்று வேறு நிறத்தில் 'வான்' என்ற பெயரோடு இருந்தால், அது எந்த இணைப்போடும் சேரும் வெறும் ரவுட்டர். கடையில் தனியாகக் காசு கொடுத்து வாங்கியது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மீண்டும் பயன்படுத்துவதற்கு இதைவிட வசதியான பெட்டி கிடையாது.

சாமான் பெட்டியைத் தேடும்போது லங்கா பெல், சன்டெல் காலத்து சி.டி.எம்.ஏ போனும், வைமேக்ஸ் அன்டெனாவும் கையில் அகப்படலாம். அவற்றை எந்த இணைப்பிலும் சேர்க்க முடியாது. 3ஜி மட்டும் பிடிக்கும் பழைய டொங்கிள் பெட்டிக்கும் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஏ.டி.எஸ்.எல் பெட்டிக்கு இரண்டாவது வாழ்வு

தோட்டப்புறத்தில் ஏ.டி.எஸ்.எல் ஏன் நிலைக்கவில்லை என்பதற்குக் காரணம் தூரம். ஏ.டி.எஸ்.எல் 2 பிளஸ் முறையில் அதிகபட்ச வேகம் 24 எம்.பி.பி.எஸ். அது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு. செம்புக் கம்பி நீள நீள வேகம் இறங்கும். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போனால் இணைப்பு நிற்பதே பெரிய காரியம். எக்ஸ்சேஞ்ச் டவுனில், தோட்டமோ மலைக்கு மேலே. பாதை வளைந்து வளைந்து ஏறும் இடங்களில் கம்பியும் அப்படித்தான் போகும். இதனால் அங்கே இருந்தவர்கள் 4ஜிக்கோ ஃபைபருக்கோ மாறியதில் வியப்பில்லை.

அந்தப் பெட்டியின் டி.எஸ்.எல் ஓட்டையை இனி மறந்துவிடுங்கள். ஃபைபர் டெக்னீஷியனிடம் "இதிலேயே குத்தித் தாருங்கள்" என்று கேட்பதில் பயனில்லை. கண்ணாடி இழையில் வருவது ஒளி, இந்தப் பெட்டிக்கு ஒளியைப் படிக்கத் தெரியாது. ஆனால் அதில் உள்ள வைஃபையையும், 'லான்' எனப்படும் நான்கு சதுர ஓட்டைகளையும் வைத்து, புதிய பெட்டியின் சிக்னல் எட்டாத இடத்துக்கு இரண்டாவது வைஃபை நிலையமாக ஆக்கலாம். அரை மணித்தியால வேலை. வரிசை தவறாமல் செய்ய வேண்டும்.

பழைய பெட்டியைப் புதியதோடு இணைக்காமல் தனியாக கரண்டில் போடுங்கள். ரீசெட் என்று எழுதிய ஊசித் துளையில் ஒரு பின்னை விட்டு, விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும்வரை அழுத்திப் பிடியுங்கள்; பத்து விநாடி போதும். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வைஃபை பெயர், கடவுச்சொல், 192.168.1.1 போன்ற ஒரு முகவரி, உள்நுழையும் பெயர் எல்லாம் இருக்கும். ஸ்டிக்கர் அழியும் நிலையில் இருந்தால் முதலில் அதைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு போனை அந்த வைஃபையில் சேர்த்து, பிரவுசரில் அந்த முகவரியை அடித்து உள்ளே போங்கள். "இன்டர்நெட் இல்லை" என்று போன் எச்சரிக்கும். மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுத் தொடருங்கள்.

உள்ளே முதல் வேலை வைஃபை பெயரும் கடவுச்சொல்லும். பாதுகாப்பு வகையில் டபிள்யூ.பி.ஏ 2 என்பதைத் தெரிவுசெய்யுங்கள். 'வெப்' (டபிள்யூ.இ.பி) என்ற பழைய பாதுகாப்பு வகையை மட்டுமே காட்டும் பெட்டி என்றால் அதை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். வெப் பூட்டை உடைக்க இன்று சில நிமிடங்கள் போதும்.

அடுத்தது பெட்டியின் சொந்த முகவரி. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். புதிய பெட்டியும் பழைய பெட்டியும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். வைஃபை காட்டும், இன்டர்நெட் வராது. புதிய இணைப்பின் வைஃபையில் போனைச் சேர்த்து, அதன் விவரங்களில் 'கேட்வே' என்று காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 192.168.1.1 என்றால் பழைய பெட்டிக்கு 192.168.1.250 என்று கொடுக்கலாம். அது 192.168.8.1 என்றால் (வீட்டு 4ஜி பெட்டிகள் பலவற்றில் இப்படித்தான்) பழையதுக்கு 192.168.8.250. முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசி எண் மட்டும் வேறாக இருக்க வேண்டும். அந்தக் கடைசி எண், புதிய பெட்டி போன்களுக்குத் தானாகக் கொடுக்கும் எண்களின் எல்லைக்குள் வராமலும் இருக்க வேண்டும். புதிய பெட்டியின் டி.எச்.சி.பி பக்கத்தில் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் எழுதியிருக்கும்.

சேமித்ததும் பெட்டி துண்டித்துக்கொள்ளும். புதிய முகவரியை அடித்துத் திரும்ப உள்ளே போய், கடைசியாக 'டி.எச்.சி.பி சேர்வர்' என்பதை நிறுத்துங்கள். ஒரு வீட்டில் முகவரி வழங்கும் பெட்டி ஒன்றுதான் இருக்க வேண்டும், அது புதிய பெட்டிதான். இதை முதலிலேயே நிறுத்திவிட்டால் போனுக்கு முகவரி கிடைக்காமல் பாதி வேலையில் வெளியே நிற்க நேரும். அப்படி நடந்தால் பதற வேண்டாம், ரீசெட் துளை இருக்கிறது.

இப்போது வயர். புதிய பெட்டியின் லான் ஓட்டை ஒன்றிலிருந்து பழைய பெட்டியின் லான் ஓட்டை ஒன்றுக்கு. அவ்வளவுதான்.

வீட்டில் ஸ்ரீலங்கா டெலிகொமின் பீயோ டிவி இருந்தால் ஃபைபர் பெட்டியில் அதற்கென்று ஒதுக்கிய ஓட்டையில் இந்த வயரைக் குத்தாதீர்கள். அதில் இன்டர்நெட் வராது, டிவியும் நின்றுபோகலாம். எந்த ஓட்டை எதற்கு என்று டெக்னீஷியன் போகும் முன் கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கையில் இருப்பது 'வான்' ஓட்டை உள்ள வெறும் ரவுட்டர் என்றால் இத்தனை சுற்று வேண்டாம். புதிய பெட்டியின் லானிலிருந்து அதன் வானுக்கு வயர் போட்டாலே ஓடும். முகவரி மோதினால் மட்டும் பழையதை 192.168.10.1 போல வேறொரு வரிசைக்கு மாற்றுங்கள். இந்த முறையில் ஒரு குறை உண்டு. வீடு இரண்டு தனி வலைகளாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கத்துப் பிரிண்டரோ கேமராவோ மறுபக்கத்துப் போனுக்குத் தெரியாமல் போகலாம். சினிமா பார்க்கவும் வட்ஸ்அப் பேசவும் இது தொந்தரவு தராது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பெட்டிகளின் லான் ஓட்டை பெரும்பாலும் 100 எம்.பி.பி.எஸ்தான். அட்டையில் 150, 300 என்று போட்டிருந்த வைஃபை வேகத்தில் பாதி கையில் கிடைத்தாலே அதிகம். 4ஜி இணைப்பில் வருவதே அதற்குக் குறைவு என்பதால் அங்கே வித்தியாசம் தெரியாது. 100க்கு மேற்பட்ட ஃபைபர் பொதி எடுத்தவர் படிக்கும் மேசைக்குப் புதிய பெட்டியையும், குசினிப் பக்கத்துக்குப் பழைய பெட்டியையும் வைத்துக்கொள்ளட்டும்.

லயத்தில் வைக்கும் இடம்

பழைய லயங்களில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் ஒன்றுதான். ஆறு, எட்டு, பத்துக் குடும்பங்கள் ஒரே வரிசையில். வைஃபை பக்கவாட்டில் தாராளமாகப் போகும். இதனால் ஒரே லயத்தில் நாலைந்து வைஃபை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. பக்கத்து வீடு 6இல் இருந்தால் நீங்கள் 1க்கோ 11க்கோ போங்கள். ஒரே வீட்டில் இரண்டு பெட்டி வைப்பவர்கள் இரண்டுக்கும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, சேனலை மட்டும் வேறாக வைத்தால் போன் தானாகவே மாறிக்கொள்ளும்.

4ஜி அலைக்குத் தகரக் கூரை பெரிய தடை. பெட்டியை உள்ளறையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு டவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இஸ்தோப்புப் பக்கத்து ஜன்னலில், டவர் இருக்கும் திசை நோக்கி வையுங்கள். கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இன்னொரு சிக்கல்: ரப்பர் இலை மழையில் நனைந்தால் சிக்னல் குறையலாம். அப்படி 4ஜி பெட்டி ஜன்னலுக்குப் போய்விட்டால் பின்னால் குசினிக்கும் படிக்கிற பிள்ளைக்கும் வைஃபை எட்டாது. பழைய ஏ.டி.எஸ்.எல் பெட்டி அங்கேதான் கைகொடுக்கும். ஜன்னலிலிருந்து உள்ளே ஒரு வயர், அதன் முனையில் பழைய பெட்டி. சுவரில் குத்தும் 'பூஸ்டர்' வாங்குவதைவிட இது நிலையானது, காசும் மிச்சம். கேட் 5ஈ வயர் 100 மீற்றர் வரை தாங்கும். எந்தக் காம்பராவுக்கும் அது போதும்.

4ஜி பெட்டி ஃபைபருக்குப் போகும்போது

இதில்தான் உண்மையான லாபம். சிம் இடுக்கு உள்ள பல பெட்டிகளில் லான் ஓட்டை ஒன்று 'லான்/வான்' என்று இரட்டைப் பெயரோடு இருக்கும். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் வயரை அதில் குத்தி, உள்ளே இணைப்பு முறையைத் தானியங்கி என்று வைத்தால், ஃபைபர் இருக்கும்வரை ஃபைபரில் ஓடும். ஃபைபர் அறுந்தால் சிம்முக்கு மாறும். மரம் விழுந்து கம்பமும் கேபிளும் சேர்ந்து சாய்வது எஹலியகொடைக்கும் தெரணியகலைக்கும் புதிதல்ல. பரீட்சைக் காலத்தில் சிறிய ரீலோட் ஒன்றோடு அந்தச் சிம்மை உயிரோடு வைத்திருப்பது வீண்செலவில்லை.

வேறு கம்பெனியின் 4ஜிக்கு மாறுபவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கம்பெனி கொடுத்த பெட்டி பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சிம்முக்கே பூட்டியிருக்கும். புதிய சிம் வாங்கும் முன், புதிய கம்பெனியின் இணைப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் சிம்மைப் போட்டுப் பாருங்கள். ஏற்கவில்லை என்றால் பூட்டு இருக்கிறது. பூட்டு இல்லாவிட்டாலும் அலைவரிசை பொருந்த வேண்டும். டயலொக்கின் வீட்டு 4ஜி 2300 மெகாஹேர்ட்ஸில் ஓடுகிறது, அதற்காகவே வந்த பெட்டிகள் உண்டு. மற்றக் கம்பெனியின் டவர் வேறு அலைவரிசையில் பேசினால் சிம் ஏறினாலும் சிக்னல் ஏறாது. தெருவோரத்தில் பூட்டுத் திறந்து தருகிறேன் என்பவரிடம் கொடுப்பதற்கு முன், பெட்டி சட்டப்படி யாருடையது என்று பாருங்கள். லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் இணைப்பு உறவினர் பெயரிலோ நண்பர் பெயரிலோ இருப்பது இங்கே சகஜம்; பெட்டியைத் திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஸ்ரீலங்கா டெலிகொம் என்றால் 1212, டயலொக் என்றால் 1777க்குப் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தமிழில் பேசலாம்.

ஃபைபர் பெட்டியைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஓ.என்.டிக்கும் உள்ள தொடர் இலக்கத்தைக் கம்பெனி தன் பக்கத்தில் பதிந்துதான் இணைப்பைத் திறக்கிறது. ஒரு வீட்டுப் பெட்டியைக் கழற்றி இன்னொரு வீட்டு இழையில் குத்தினால் இணைப்பு கிடைக்காது. வீடு மாறினால் கம்பெனிக்குச் சொல்லுங்கள். கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல் செய்யலாம்.

இடி, அடாப்டர், கரண்ட் பில்

இரத்தினபுரியிலும் கேகாலையிலும் ரவுட்டர் சாவதற்கு ஒரு பெரிய காரணம் இடி. பங்குனி, சித்திரையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இருட்டிக்கொண்டு வரும்போது கரண்ட் பிளக்கையும் டெலிபோன் வயரையும் கழற்றுவது ஏ.டி.எஸ்.எல் காலத்துப் பழக்கம். டெலிபோன் வயரைக் கழற்றாமல் பிளக்கை மட்டும் கழற்றியவர்களின் பெட்டி டி.எஸ்.எல் ஓட்டை வழியாக எரிந்தது. நல்ல செய்தி ஒன்று: அப்படி டி.எஸ்.எல் பாகம் மட்டும் எரிந்த பெட்டியும், வைஃபை எரிகிறதென்றால், மேலே சொன்ன இரண்டாவது வேலைக்கு உதவும்.

ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அதை நம்பி பிளக்கை விட்டுவிடக்கூடாது, மின்னல் கரண்ட் வயர் வழியாகவும் வரும். இன்னும் முக்கியமாக, ஒரு வீட்டிலிருந்து எதிர் லயத்துக்கோ கோழிக்கூட்டுப் பக்கத்துப் புது அறைக்கோ வெளியில் லான் வயர் இழுக்காதீர்கள். ஆகாயத்தில் தொங்கும் செம்பு வயர் மின்னலின் சக்தியை இரண்டு பெட்டிக்கும் ஒருசேரக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரே கூரைக்குள் மட்டும் வயர்; கூரை மாறினால் வைஃபை.

பழைய பெட்டியை எடுக்கும்போது அதன் சொந்த அடாப்டரையே தேடி எடுங்கள். சாமான் பெட்டியில் கிடக்கும் அடாப்டர்கள் எல்லாம் ஒரே முனையோடு இருக்கும்; ஒன்று 9 வோல்ட், இன்னொன்று 12 வோல்ட். வோல்ட் சரியாக ஒத்துப்போக வேண்டும், அம்பியர் பெட்டி கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. 12 வோல்ட் பெட்டிக்கு 9 வோல்ட் கொடுத்தால் விளக்கு எரியலாம், ஆனால் பெட்டி அடிக்கடி தானாக அணைந்து எழும்பும். குற்றம் இணைப்பின்மேல் விழும்.

கடைசியாகக் கணக்கு. பத்து வொட் பெட்டி இரவு பகல் ஓடினால் மாதம் ஏழு அலகு. சின்னத் தொகைதான், ஆனால் நமது மின்கட்டணம் படிக்கட்டு முறையில் ஏறுகிறது. 60 அலகைத் தாண்டும் வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறு விலை விழும். மாதம் 55, 58 என்று எல்லைக்குள் நிற்கும் காம்பராவில் இரண்டாவது பெட்டியை இருபத்துநாலு மணித்தியாலமும் எரியவிட்டால், பெட்டியில் மிச்சம் பிடித்தது பில்லில் போய்விடும். அங்கே இரண்டாவது பெட்டிக்குச் சுவிட்ச் வைத்த பிளக் போடுங்கள். பிள்ளை படிக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டால் போதும். மீட்டர் 60ஐ எட்டிப் பிடிக்கும் வீட்டில், புதிய பெட்டியை நடுவீட்டுக்கு நகர்த்திச் சமாளிக்க முடிந்தால் பழைய பெட்டியே வேண்டாம் என்பதுதான் என் தீர்ப்பு.

உங்களுக்கு வேண்டாம் என்று முடிவானால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் ரீசெட் துளையில் பத்து விநாடி அழுத்துங்கள், சிம்மைக் கழற்றுங்கள்; உங்கள் இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன.